ஒரு நாளைக்குத்தானே

எனக்குத் தீபாவளியே பிடிக்காது என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பிடிக்கும். புதுச் சேலையின் மொடமொடப்பு பிடிக்கும். அச்சு முறுக்கைச் சூடு ஆறும் முன்னால் உடைத்துத் தின்பது இன்னும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காதது ‘ஒரு நாளைக்குத்தானே’ என்கிற பேச்சு. போன தீபாவளிக்கு அந்தப் பேச்சு என்னை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

அந்த வருடத்தின் நடுவில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஈப்போவுக்கு வெளியே ஒரு கல்குவாரியில் லாரி ஓட்டுகிறவர். லாரியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தவரைப் பின்னால் வந்த லாரிக்காரர் பார்த்ததால் பிழைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். டாக்டர் சொன்னதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எண்ணெயையும் உப்பையும் குறைக்கணும், சிகரெட்டும் குடியும் கூடாது, தினமும் நடக்கணும், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளக் கூடாது. இதையெல்லாம் அவர் என் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

வார்டுக்கு வந்தவர்களும் அப்படித்தான். படுத்திருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதாம்மா பாத்துக்கணும்” என்றார்கள். என் கணவரின் அண்ணன் வந்தபோது அழுதேவிட்டார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமனார் இறந்தபோது என் கணவர் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் சின்ன வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போய்த் தம்பியை ஆளாக்கியவர். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, “என் தம்பிய உன் கையில குடுக்கிறேன்” என்றார். எனக்கும் கண்ணீர் வந்தது. சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். நாங்கள் குடியிருக்கிற தாமானுக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் நடைபாதை போட்டு, ஏரிப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் முன்னால் அவரை அங்கே அழைத்துப் போவேன். முதலில் பாதி தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். போகப் போக மூச்சு வாங்காமல் சுற்றி வந்தார். தொப்பை இறங்கியது. நடக்கும்போது பேசவும் செய்தார். குவாரியில் யாரோடு சண்டை, அவருடைய அப்பாவின் குரல் எப்படி இருக்கும், மகள் படித்து முடித்ததும் என்ன செய்வாள், இப்படி. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியது கிடையாது. பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வைத்தேன். நடந்து வந்ததும் அவர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்குவேன். நல்ல எண் வந்தால் இரண்டு பேருக்குமே அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

அப்புறம் தீபாவளி வந்தது.

தீபாவளி ஒரு நாள் என்று நாள்காட்டியில்தான் போட்டிருக்கிறது. லிட்டில் இந்தியா கடைத்தெருவில் கூடாரக் கடைகள் போட்ட வாரத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு டின் டின்னாகப் பலகாரம் வர ஆரம்பித்தது. நெய் உருண்டை, ஓமப்பொடி, அதிரசம். குவாரிக் காண்டிராக்டர் ஒரு விருந்து வைத்தார். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் ஒரு விருந்து. கோயில் கமிட்டியில் ஒன்று. அவர் தட்டில் ஆட்டுக்கறியை அள்ளிப் போடுகிற ஒவ்வொருவரும், “ஒரு நாளைக்குத்தானே அண்ணே, என்னா ஆயிடப் போவுது” என்றார்கள். போடுகிற ஒவ்வொருவருக்கும் அது ஒரு நாள். தின்கிறவருக்கு அது மாதம் முழுக்க. இந்தக் கணக்கு ஏன் ஒருவருக்கும் புரியவில்லை?

நான் தட்டைப் பார்த்தால் போதும், பேச்சு என் பக்கம் திரும்பும். “அக்கா ரொம்ப ஸ்ட்ரிக்ட் லா.” “பாவம் அண்ணே, வீட்ல ஜெயில்.” வார்டில் என் கையைப் பிடித்து நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றவர்கள்தான் இவர்களும். பார்த்துக்கொண்டால் ஜெயிலர். பார்த்துக்கொள்ளாமல் விட்டு, அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

நடை நின்றுபோனது. “தீபாவளி முடியட்டும்மா, திரும்ப ஆரம்பிக்கலாம்” என்றார் என் கணவர். விருந்துக்குப் போய் வந்த அசதி அவருக்கு. எனக்கோ டைல்ஸ் கம்பெனி ஆபீஸில் வருடக் கடைசிச் சரக்குக் கணக்கு. வீட்டுக்கு வந்தால் திரைச்சீலை துவைக்கணும், ஜன்னல் துடைக்கணும், ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்கி வரணும், முறுக்கு மாவு பிசையணும். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. அதற்கும் அவர் பாதி ஈப்போவை அழைத்து வைத்திருந்தார். பின்கழுத்தில் ஒரு வலி பிடித்துக்கொண்டே இருந்தது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவருக்கு. எனக்கு அப்படி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

தீபாவளி அன்று காலை வழக்கம்போல மாமா வீட்டுக்குப் போனோம். சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம். இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டு ரோட்டோரம் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சோங் மாலிமில் யூனிவர்சிட்டியில் படிக்கிற மகளும் லீவுக்கு வந்திருந்தாள். மூன்று பேருமாகப் போய் இறங்கினோம். வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்பீக்கரில் பாட்டு. ஆண்கள் எல்லாரும் கூடாரத்தில். பெண்கள் எல்லாரும் சமையல்கட்டில். மாமாவின் மனைவி, எனக்கு ஓரகத்தி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பொழுது விடிவதற்கு முன்னாலேயே அடுப்பு முன்னால் நின்றிருப்பார் போல. புதுச் சேலையின் முன்பக்கம் ஏற்கெனவே மஞ்சள் கறை.

மாமா தம்பியைக் கட்டிப்பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஐஸ் பெட்டியிலிருந்து கறுப்பு பீர் பாட்டிலை எடுத்துத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றினார். நான் தட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தது அந்த நேரத்தில்தான்.

“மாமா, அவருக்கு வேணாம். மாத்திரை சாப்பிடுறாரு” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

“ஒரு கிளாஸ் லா. தீபாவளியும் அதுவுமா. ஒரு நாளைக்குத்தானே.”

“டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு மாமா.”

“டாக்டர் இங்க வந்து பாத்துக்கிட்டா இருக்கான்? செத்தா போயிடுவான் என் தம்பி?”

சிரித்தார்கள். நாற்காலியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை நீட்டிக் கிளாஸின் வாயை மூடினேன். சிரிப்பு நின்றது.

“கைய எடும்மா” என்றார் மாமா. “உன் வீட்ல நீ வச்சது சட்டம். இது என் வீடு.”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் விரல்களைக் கிளாஸிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினார். மிருதுவாகத்தான் விலக்கினார், அதுதான் இன்னும் மோசம். கிளாஸை எடுத்து, அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார். யாரோ கைதட்டினார்கள்.

கையிலிருந்த தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தேன். எங்கே என்று யோசிக்கவில்லை. பட்டுச் சேலையும் குதிகால் வைத்த செருப்புமாகத் தோட்டத்து ரோட்டில் நடந்தேன். இரண்டு பக்கமும் செம்பனை. வெயில் மேலே ஏறிவிட்டது. கூடாரத்துப் பாட்டு மட்டும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. மனசு சரியில்லை என்றால் நடந்தால் சரியாகிவிடும் என்று போனில் எத்தனை வீடியோ வருகிறது. நடக்க நடக்க எனக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. அவர் குடித்தது கூடப் பெரிதில்லை. விரல்களை விலக்கினாரே. விடியற்காலையில் நான் செருப்பைத் தேடி எடுத்து வைத்தது, மீனை எண்ணெய் இல்லாமல் வேகவைத்தது, மாத்திரையை டப்பாவில் பிரித்துப் போட்டது, எல்லாவற்றையும் சேர்த்து விலக்கிய மாதிரி இருந்தது.

பின்கழுத்து வலி மண்டைக்கு ஏறியது. கண் ஓரத்தில் ஏதோ மினுமினுத்தது. மூக்கிலிருந்து வேர்வை வழிகிறது என்று துடைத்தேன். கையெல்லாம் ரத்தம். சேலை முந்தானையை வைத்து அமுக்கினேன். நிற்கவில்லை. ரோட்டு ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். அக்கா. மாமாவின் பழைய மோட்டாரில், சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், கையில் மசாலா வாசனையோடு வந்து நின்றார்.

“ஐயோ, என்னாடி இது ரத்தம்” என்றவர், உடனே குரலை மாற்றிக்கொண்டு, “தலைய பின்னால சாய்க்காதே. முன்னால குனிஞ்சு மூக்க அமுக்கிக்க. ஏறு” என்றார்.

“எங்கக்கா?”

“ஏறுன்னா ஏறு லா. அந்த வீட்டுக்கு இல்ல.”

அவர் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மூக்கை அமுக்கிக்கொண்டு போனேன். தனியார் கிளினிக்குகள் எல்லாம் தீபாவளிக்கு மூடியிருந்தன. நேராக அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனார். கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிய மலாய்க்கார மருத்துவ உதவியாளர் எண்ணைப் பார்த்தார். மறுபடியும் ஒரு தரம் அமுக்கினார். “காக், திங்கி சங்ஙாட் நி” என்றார். ரொம்ப அதிகம் என்பதை அவர் முகமே சொல்லிவிட்டிருந்தது.

கட்டிலில் படுக்க வைத்து மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டர் பெண் வந்தாள். நம் தமிழ்ப் பிள்ளைதான், என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். தீபாவளி அன்றைக்கு டியூட்டி.

“ஆன்ட்டி, எவ்வளவு நாளா பிரஷர் இருக்கு?”

“எனக்கு இல்லம்மா. என் வீட்டுக்காரருக்குத்தான்.”

“வீட்ல மெஷின் இருக்கா?”

“இருக்கு.”

“நீங்க போட்டுப் பாத்ததில்லையா?”

தினமும் அந்தப் பட்டையை என் கையால் பிரித்து, என் கையால் சுற்றி, என் கையால் பட்டனை அமுக்கியிருக்கிறேன். ஒரு நாளும் என் கையில் சுற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை என்பது ஒரு பக்கம். எதிரே உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்த மனிதருக்கும் தோன்றவில்லையே. அந்தக் கட்டிலில் எனக்கு வந்த கோபத்துக்கு மருந்தே கிடையாது.

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டிச் சேலையை விலக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன.

“ஆப்பரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு” என்றார். “தீபாவளி முடியட்டும்னாரு உங்க மாமா. அப்புறம் பொங்கல் முடியட்டும்னாரு. அப்புறம் திருவிழா. எப்பத்தான் முடியும் இதெல்லாம்?”

அவர் போன் அடித்தது. மாமா. சத்தமாகவே கேட்டது. “எங்க போயிட்ட? ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. ரசம் எங்க வச்சிருக்க?”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போன திசையில் மனைவி மோட்டாரில் போனதைப் பார்த்திருக்கிறார். கேட்டது ரசம்.

அக்கா போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அடுப்புலதான் இருக்கு. மூடியத் தொறந்து நீங்களே ஊத்திக்கங்க” என்றார். பிறகு போனை அடைத்துப் பைக்குள் போட்டார். அவர் மாமாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கேன்டீன் பன்னைப் பிய்த்துத் தின்றோம். அன்றைக்கு அக்கா வாயில் வைத்த முதல் சாப்பாடு அதுதான்.

அக்கா என் மகளுக்கு மட்டும் சொல்லிவிட்டிருந்தார். அவள் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். “அப்பா குடிச்சிருக்காரு, நாந்தான் ஓட்டுனேன்” என்று உள்ளே வந்ததும் சொன்னாள். அவளுக்கும் கோபம். அவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். சேலையில் ரத்தத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

“அண்ணன் கேட்டாரு, மாட்டேன்னு எப்படிச் சொல்றது…” என்று ஆரம்பித்தார்.

“உங்க அண்ணன் முகம் வாடக் கூடாதுன்னு குடிச்சீங்க. சரி. என் முகம்?”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம நம்ம வீட்ல விருந்து கெடையாது. நான் சமைக்க மாட்டேன். கேட்டரிங்கும் வேணாம். கூப்பிட்டவங்களுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க.”

வீட்டுக்கு வந்த மறுநாள் போன் போட உட்கார்ந்தார். நான் அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். “இல்ல மச்சான், வீட்ல அவ மாட்டேங்கிறா…” என்றார் முதல் ஆளிடம். எழுந்து போய் எதிரே நின்றேன். “அவ மாட்டேங்கிறான்னு சொல்லாதீங்க. என்னா நடந்துச்சோ அதச் சொல்லுங்க.” என்னைப் பார்த்தார். அடுத்த ஆளிடம் நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பதை, அன்றைக்குக் குடித்ததை, மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்ததை, எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னார். சொல்லும்போது வேர்த்தது. ஒவ்வொரு போனையும் நின்று கேட்டேன். அவருக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை, மாமாவையும் அக்காவையும் தவிர. மாமா சோபாவில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எதிர்பார்த்து வந்ததோ என்னுடைய மன்னிப்பை.

“அன்னிக்கு நீ எழுந்து போனே. இவ பின்னாலேயே போனா. போனையும் அடச்சிட்டா. வந்தவங்களுக்குச் சோறு போட ஆளில்ல. எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?”

“மாமா, எனக்கு மூக்குல ரத்தம் கொட்டிச்சு.”

“அது தெரியும் லா. இப்ப நல்லாத்தானே இருக்கே.”

பின்கழுத்தில் மறுபடி அந்த வலி வந்து உட்கார்ந்தது. இந்த முறை அடக்கிக்கொள்ளவில்லை. “வார்டுல என் கையப் பிடிச்சு, தம்பிய உன் கையில குடுக்கிறேன்னு அழுதீங்களே. நெசமாத்தான் குடுத்தீங்களா? குடுத்தவரு, எல்லார் முன்னாலயும் என் கைய எடுக்கச் சொல்லி ஏன் அந்தக் கிளாஸ நீட்டுனீங்க?”

மாமா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வேறு குரலில் பேசினார்.

“அவன் பழைய மாதிரி என் பக்கத்துல உக்காந்து குடிச்சான்னா, அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிடும்லா. அத ஒரு தடவ பாக்கணும் போல இருந்துச்சு.”

தன் கையால் வளர்த்த தம்பி தனக்கு முன்னால் போய்விடுவானோ என்கிற பயம். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. போகவில்லை. அவர் பயத்தையும் நான்தான் புரிந்துகொள்ள வேண்டும், அவர் தம்பியின் தயக்கத்தையும் நான்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், அதுவும் முறுக்கு மாவைப் போல என் தலையில் விழுந்த இன்னொரு வேலை. “பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க மாமா. ஊத்திக் குடுக்காதீங்க” என்றேன். அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடவில்லை.

ஆனால் தைப்பூசம் கழிந்த கையோடு அக்காவுக்கு ஒரு முழங்காலில் ஆப்பரேஷன் நடந்தது. மாமாதான் கூட இருந்தார். சோறு ஆக்கக் கற்றுக்கொண்டாராம், குழைந்துபோகிறதாம். அக்கா போனில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் தள்ளிப்போட்டார்கள் என்றுதான் கேட்டேன்.

என் கணவர் நடக்கிறார். சில நாள் என்னோடு, சில நாள் எனக்கு முன்னால் தனியாக. நான் எழுப்புவதில்லை. எனக்கும் மாத்திரை உண்டு இப்போது, காலையில் ஒன்று. ஆபீஸில் கிறிஸ்மஸ் விருந்து, பக்கத்து வீட்டில் சீனப் புத்தாண்டு, எதிர்வீட்டு மலாய்க்காரர்களின் ஹரிராயா பெருநாள் என்று இந்த ஊரில் பண்டிகைக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் போகிறேன். அவர் தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அது ரொம்பக் கடினமான பழக்கம், நடப்பதைவிட.

இதோ இன்னொரு தீபாவளி வருகிறது. நேற்றுச் சாயந்தரம் அவர் ஏணி போட்டுக் கூடத்து மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே எதுவும் விரிக்கவில்லை. இறக்கையின் தூசி மொத்தமும் சோபாவில் விழுந்தது. நான் வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

“ம்மா, சோபா பூரா தூசி ஆயிடுச்சே. என்னா பண்றது?”

“ஏணிய விட்டு எறங்குங்க, தொடைக்கக் கை எட்டும்” என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து நடக்கப் போனேன்.